அம்மாவுக்கு முடக்கு வாதம் என்றால் மகளுக்கும் வருமா?



நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். சேமிப்பு, கடன் எல்லாம் பேசி முடித்து, தீர்மான நோட்டில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு வந்தார்கள். ஒரு சகோதரியின் முறை வந்தது. அவர் பேனாவை வாங்கவில்லை. ஸ்டாம்ப் பேடு எங்கே என்று கேட்டார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. குழு ஆரம்பித்த புதிதில் கைநாட்டு வைத்தவர்தான் அவர். பிறகு ராத்திரி வேலை முடிந்து உட்கார்ந்து, பிள்ளைகளின் பழைய நோட்டில் எழுதி எழுதிப் பழகினார். பேங்கில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதிவிட்டு வெளியே வந்து அழுதவர். அவரா மறுபடி கைநாட்டு வைக்கிறார்?

"ஏன்க்கா?" என்று கேட்டோம். முந்தானைக்குள் வைத்திருந்த கையை வெளியே எடுத்துக் காட்டினார். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. "பேனா பிடிக்க முடியலைம்மா. காலையில எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு விரலே மடங்காது. தயிர்ச் சட்டியைக்கூடத் தூக்க முடியல" என்றார். இரண்டு வருஷமாக இப்படி இருக்கிறதாம். டவுனில் ஒரு கடையில் கொடுக்கும் பொடியை வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்றையும் சொன்னார். "பொண்ணைப் பார்க்க வந்தாங்க. எல்லாம் ஒத்துப் போச்சு. என் கையைப் பார்த்துட்டு, அம்மாவுக்கு இருக்கிறது நாளைக்குப் பொண்ணுக்கும் வரும், அது குடும்ப வியாதி, வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்படித்தானாம்மா? வந்துருமா?"

அன்று எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு டாக்டர்களிடம் கேட்டோம். படித்தும் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டதை உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம். அவர் பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மகளுக்கு வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் "வந்துவிடும்" என்று சொல்வது தவறு. அம்மாவுக்கு இருந்தும் மகளுக்கு வராத குடும்பங்கள்தான் மிகப் பெரும்பாலானவை. ஏன் அப்படி என்பதைப் பார்ப்போம்.

எல்லா மூட்டு வலியும் ஒன்றல்ல

மூட்டு வலி என்றாலே நாம் "வாயு" என்போம், "வயசாயிடுச்சு" என்போம். ஆனால் மூட்டு வலியில் பல வகை உண்டு.

வயதானவர்களுக்கு முழங்காலில் வருவது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். 2006-ல் நம் மாநிலத்தில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலியோடு நடந்தவர்கள் நம்மில் பலர். அது வைரஸ் கிருமியால் வந்தது.

முடக்கு வாதம் வேறு. சில ஊர்களில் சரவாங்கி என்பார்கள். டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். இது கை விரல், மணிக்கட்டு, கால் விரல் போன்ற சின்ன மூட்டுகளில்தான் அதிகம் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வீங்கும். காலையில் இறுக்கமாக இருக்கும். வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் இளகும். முப்பது, நாற்பது வயதிலேயே வரலாம். நம் நாட்டில் பெரியவர்களில் 100 பேருக்கு ஒருவருக்கும் குறைவாகவே இது இருக்கிறது. ஆனால் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

காவல்காரரே வீட்டை இடித்தால்?

நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்க ஒரு காவல் படை இருக்கிறது. அதைத்தான் நோய் எதிர்ப்பு சக்தி என்கிறோம். வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடித்து அழிப்பது அதன் வேலை.

முடக்கு வாதத்தில் அந்தக் காவல் படை ஆளை மாற்றிப் பிடிக்கிறது. நம் மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. அதனால் மூட்டு வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. கவனிக்காமல் விட்டால் குருத்தெலும்பும் எலும்பும் அரித்துப்போய் விரல் கோணிவிடும்.

எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வரும் நோய் அல்ல இது. எதிர்ப்பு சக்தி தப்பான இடத்தில் வேலை செய்வதால் வரும் நோய். அதனால் "சத்து குறைச்சல்" என்று டானிக் குடித்தால் மட்டும் சரியாகாது.

காவல் படை ஏன் ஆளை மாற்றிப் பிடிக்கிறது? இங்கேதான் மரபணு வருகிறது. ஜீன் என்று சொல்வதும் இதைத்தான்.

நெல் மூட்டையும் உள்ளங்கையும்

அப்பா அம்மாவிடமிருந்து நமக்கு வரும் குறிப்புகள்தான் மரபணுக்கள். கண் நிறம், முடிச் சுருள் போல, காவல் படை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதும் அதில் எழுதியிருக்கிறது. அவற்றில் முக்கியமான ஒரு கூட்டத்துக்கு எச்.எல்.ஏ. மரபணுக்கள் என்று பெயர். பிரான்ஸ் நாட்டு டாக்டர் ழான் டோசே 1958-ல் இதில் முதலாவதைக் கண்டுபிடித்தார். அதற்காக 1980-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. கிட்னி மாற்று ஆபரேஷனுக்கு முன்னால் "பொருத்தம் பார்க்கணும்" என்பார்களே, அப்போது இந்த எச்.எல்.ஏ.வையும்தான் பார்க்கிறார்கள்.

இதன் வேலை என்ன? நெல் கொள்முதலை நினைத்துக்கொள்ளுங்கள். வியாபாரியின் ஆள் மூட்டையில் குத்தூசியைக் குத்தி, கொஞ்சம் நெல்லை உள்ளங்கையில் எடுத்து முதலாளியிடம் காட்டுவார். முதலாளி மூட்டையைப் பிரிப்பதில்லை. கையில் இருப்பதைப் பார்த்தே "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லிவிடுவார்.

நம் உடம்பிலும் அப்படித்தான். சில அணுக்கள், தாங்கள் எடுத்துக்கொண்ட புரதத்தைச் சின்னத் துண்டுகளாக்கி மேலே எடுத்துக் காட்டும். அதைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளங்கைதான் எச்.எல்.ஏ. காவல் படையின் முதலாளியான டி-அணு வந்து பார்க்கும். நம்முடையது என்றால் பேசாமல் போய்விடும். கிருமியுடையது என்றால் படையைக் கூப்பிடும்.

எல்லோருடைய உள்ளங்கையும் ஒரே மாதிரி இருப்பதில்லை அல்லவா? எச்.எல்.ஏ.வும் அப்படித்தான். ஆளுக்கு ஆள் அதன் குழிவு மாறும். எந்தத் துண்டு அதில் நன்றாக உட்காரும், எது நழுவிவிடும் என்பதும் மாறும். இந்த வேறுபாடு நல்லதுக்குத்தான். நம் முன்னோர் ஒரே ரக நெல்லை மட்டும் போடாமல் பல ரகம் போட்டார்கள். ஒரு பூச்சி வந்தால் ஒரு ரகம் போகும், இன்னொன்று தப்பும். அதுபோல மனிதர்களில் பல வகை எச்.எல்.ஏ. இருப்பதால்தான் ஒரு கொள்ளை நோய் வந்தாலும் எல்லோரும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. ஆக, நம்மிடம் "கெட்ட மரபணு" என்று ஒன்று இல்லை. ஒரு இடத்தில் உதவுகிற வகை இன்னொரு இடத்தில் தொந்தரவு தரலாம், அவ்வளவுதான்.

ஐந்து மணிகள்

1970-களில் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் பீட்டர் ஸ்டாஸ்ட்னி என்ற டாக்டர், முடக்கு வாதம் உள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்தார். மற்றவர்களைவிட அவர்களிடம் டி.ஆர்.4 என்ற எச்.எல்.ஏ. வகை அதிகமாக இருந்தது. ஆனால் டி.ஆர்.4 இல்லாத சிலருக்கும் நோய் இருந்தது. இது எப்படி என்ற குழப்பம் நீடித்தது.

1987-ல் கிரெகர்சன், சில்வர், வின்செஸ்டர் என்ற மூன்று பேர் அதற்கு விடை சொன்னார்கள். புரதம் என்பது மணிமாலை போல. அமினோ அமிலம் என்ற மணிகளை வரிசையாகக் கோத்தது. நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. வகைகளின் பெயர் வேறு வேறாக இருந்தாலும், மாலையில் 70-வது மணி முதல் 74-வது மணி வரை உள்ள ஐந்து மணிகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. அந்த ஐந்து மணிகள் இருப்பது உள்ளங்கையின் குழிவில். ஐரோப்பியர்களிடம் இது டி.ஆர்.4 வகையில் அதிகம் காணப்படுகிறது. நம் நாட்டில் டி.ஆர்.10 போன்ற வகைகளிலும் காணப்படுகிறது.

அந்தக் குழிவில் அப்படி என்ன நடக்கிறது? ஈரம் பட்டு நிறம் மாறிய நெல்லைப் பார்த்திருப்பீர்கள். நம் வயலில் விளைந்ததுதான். ஆனால் பார்க்கிறவர் "இது உங்க நெல்லே இல்லை" என்று சொல்லிவிடுவார். நம் உடம்பின் புரதமும் சில சமயம் இப்படி மாறும். புரதத்தில் உள்ள ஒரு மணி, சிட்ருலின் என்ற வேறு மணியாகிவிடும். அந்த ஐந்து மணி உள்ள உள்ளங்கை, இப்படி மாறிய துண்டை வழுக்கவிடாமல் இறுகப் பிடித்துக் காட்டுகிறது. டி-அணு அதைப் பார்த்து "அந்நியன்" என்று படையைக் கூப்பிட்டுவிடுகிறது. அப்போது ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனையில் பார்க்கிறார்கள்.

இது ஒரே நாளில் நடப்பதல்ல. நெதர்லாந்தில் ரத்த தானம் செய்தவர்களின் பழைய ரத்தத்தைச் சோதித்து 2004-ல் ஒரு ஆய்வு வந்தது. பின்னாளில் முடக்கு வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வலி தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே இத்தகைய எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது தெரிந்தது.

எச்.எல்.ஏ. மட்டும் காரணம் இல்லை. 2014-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மரபணுக்களில் 100-க்கும் மேற்பட்ட இடங்கள் இந்த நோயோடு தொடர்புள்ளவை என்று காட்டியது. அவற்றில் பல, காவல் படையின் வேலையோடு சம்பந்தப்பட்டவை. ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளித் துளியாகத்தான் கூட்டுகிறது. எச்.எல்.ஏ. பகுதிதான் அவற்றில் பெரியது.

இரட்டைப் பிள்ளைகள் சொல்லும் உண்மை

இதுவரை படித்துவிட்டு, "அப்போ மரபணு இருந்தா நோய் உறுதிதானே?" என்று நினைக்கலாம். இல்லை. அதற்கு இரட்டைப் பிள்ளைகளே சாட்சி.

ஒரே கருவிலிருந்து பிரிந்து, அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களுக்கு மரபணுக்களும் ஒன்றேதான். மரபணுதான் எல்லாம் என்றால், ஒருவருக்கு முடக்கு வாதம் வந்தால் மற்றவருக்கும் வந்தே தீர வேண்டும். 1993-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 100-க்கு 15 ஜோடிகளில்தான். மீதி 85 ஜோடிகளில் மற்றவருக்கு நோய் இல்லை. தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரில் 100-க்கு 4 ஜோடிகூட இல்லை.

இந்தக் கணக்கை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மரபணு முழுவதும் ஒன்றாக உள்ளவருக்கே இப்படி என்றால், பாதி மரபணுவை மட்டும் வாங்கிய மகளுக்கு "வந்தே தீரும்" என்று எப்படிச் சொல்வது? அம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால், மற்றவர்களைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வாய்ப்பு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. மடங்கு என்றால் பயமாக இருக்கும். ஆனால் 100-க்கு ஒருவருக்கும் குறைவாக உள்ள நோய் ஐந்து மடங்கானாலும், 100 மகள்களில் 95 பேர் நலமாகவே இருப்பார்கள்.

அம்மா வழியா, அப்பா வழியா?

இன்னொரு விஷயம். குடும்பத்தில் எந்த நோய் வந்தாலும் "அவ அம்மா வீட்டுச் சீக்கு" என்று பெண்ணின் தலையில் கட்டிவிடுவது நம் வழக்கம். மரபணு அப்படிப் பார்ப்பதில்லை.

எச்.எல்.ஏ. மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதியாக இருக்கிறது. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. நாம் பிள்ளைக்குக் கொடுப்பது அந்த இரண்டில் ஒன்றை மட்டும். நாணயத்தைச் சுண்டுவது போலத்தான். தலையா, பூவா என்று யாருக்கும் தெரியாது. நோயோடு தொடர்புள்ள வகை அம்மாவிடம் ஒரு பிரதி இருந்தால், மகளுக்கு அது போயிருக்கவும் பாதி வாய்ப்பு, போகாமல் இருக்கவும் பாதி வாய்ப்பு.

அப்பாவும் இதே வகையைக் கொடுக்கலாம். அவருக்கு நோயே வந்திருக்காது. அதனால் யாருக்கும் தெரியாது. உடம்பில் எந்தக் குறையும் இல்லாத ஏராளமான ஆண்களும் பெண்களும் இந்த மரபணுவோடு வாழ்ந்து வருகிறார்கள். பெண் பார்க்க வந்த வீட்டிலேயே அது இருக்கலாம். ஆகவே இதை வைத்து ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவதில் நியாயமும் இல்லை, அறிவியலும் இல்லை.

தூண்டிவிடுவது எது?

மரபணு விறகு போல. விறகு இருந்தால் மட்டும் அடுப்பு எரியாது. யாராவது தீக்குச்சி கிழிக்க வேண்டும்.

முடக்கு வாதத்துக்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட தீக்குச்சி, புகைப்பது. பீடி, சிகரெட் புகை நுரையீரலில் புரதத்தை நிறம் மாறிய நெல்லாக மாற்றுகிறது. சுவீடனில் 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று, புகைக்காதவராகவும் அந்த ஐந்து மணி மரபணு இல்லாதவராகவும் உள்ளவரோடு மற்றவர்களை ஒப்பிட்டது. மரபணு இரண்டு பிரதியும் இருந்து, புகைக்கவும் செய்தவர்களுக்கு, ஆன்டி சி.சி.பி. உள்ள முடக்கு வாதம் வரும் ஆபத்து 21 மடங்காக இருந்தது. விறகும் தீக்குச்சியும் சேர்ந்தால் எப்படி எரியும் என்று பாருங்கள்.

"நாங்க பீடி குடிக்கிறதில்லையே" என்பீர்கள். சரிதான். ஆனால் தூசியைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். மலாய், சீன, இந்திய வம்சாவளிப் பெண்கள் வாழும் மலேசியாவில் ஒரு ஆய்வு நடந்து, 2016-ல் வெளியானது. ஜவுளித் தூசியைச் சுவாசிக்கும் வேலை பார்த்த பெண்களுக்கு, பார்க்காதவர்களைவிட முடக்கு வாதம் ஏறக்குறைய மூன்று மடங்கு காணப்பட்டது. தூசியும் அந்த மரபணுவும் சேர்ந்தவர்களிடம் ஆபத்து இன்னும் பல மடங்கு. நம் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் பஞ்சாலைக்குப் போகிறார்கள்! மில்லில் முகமூடி கட்டச் சொன்னால் "மூச்சு முட்டுது" என்று கழற்றிப் போடுவது வழக்கம். கட்டாயம் கட்டச் சொல்லுங்கள். பஞ்சுத் தூசியால் நுரையீரலுக்கு வரும் கேடு தனி. கல் உடைக்கும் இடத்தில் பறக்கும் கல் தூசிக்கும் இந்த நோயோடு தொடர்பு உண்டு.

பல் ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஈறில் ரத்தம் வந்தால் அலட்சியம் வேண்டாம்.

பிறந்த மரபணுவை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் இவற்றை மாற்றலாம். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்.

பிள்ளை பெற்ற உடம்பு

பெண்களுக்கு ஏன் அதிகம்? ஹார்மோன் மாற்றங்களும் ஒரு காரணம் என்கிறார்கள். முழு விடை இன்னும் தேடப்படுகிறது. ஆனால் ஒரு விஷயம் நமக்கு முக்கியம்.

முடக்கு வாதம் உள்ள பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வலி தானாகக் குறைகிறது. 1938-லேயே பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க டாக்டர் இதைக் கவனித்து எழுதினார். இதிலும் எச்.எல்.ஏ.வுக்குப் பங்கு உண்டு. 1993-ல் வெளியான ஒரு ஆய்வில், குழந்தை அப்பாவிடமிருந்து வாங்கிய எச்.எல்.ஏ., அம்மாவுடையதிலிருந்து வேறுபட்டு இருந்த கர்ப்பங்களில்தான் வலி அதிகம் குறைந்தது.

பிரசவம் முடிந்து சில மாதங்களில் வலி திரும்பி வரும். சிலருக்கு நோய் முதன்முதலாகத் தலைகாட்டுவதும் அப்போதுதான். நம் வீடுகளில் "பச்சை உடம்பு, குளிர்ந்த தண்ணியில கை வச்சிருப்பா" என்று விட்டுவிடுவார்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு விரல் கணுக்கள் வீங்கி, வாரக்கணக்கில் குறையாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

மரபணு பரிசோதனை செய்ய வேண்டுமா?

வேண்டாம். மரபணு இருந்தும் நோய் வராதவர்கள் ஏராளம். மரபணு இல்லாமல் நோய் வந்தவர்களும் உண்டு. அதனால் "வருமா வராதா" என்று பார்க்க இந்தப் பரிசோதனை பயன்படாது. யாராவது பல ஆயிரம் ரூபாய்க்குச் செய்து தருகிறேன் என்றால் ஏமாற வேண்டாம். அந்தப் பணத்தை நேரத்தோடு டாக்டரைப் பார்க்கச் செலவு செய்யுங்கள்.

குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருப்பது தெரிந்தால் அதன் பயன் ஒன்றுதான். மற்றவர்கள் விழிப்பாக இருக்கலாம். கீழே உள்ளவை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்:

* கை, கால் விரல் மூட்டுகளில் வீக்கம். வலி மட்டும் அல்ல, தொட்டால் தெரியும் வீக்கம்.
* காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் இறுக்கம்.
* விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைக் குறுக்கே அழுத்தினால் வலிப்பது.
* இவை ஆறு வாரத்துக்கு மேல் தொடர்வது. கூடவே காரணமில்லாத அசதி.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரக் கேளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர். போன்ற ரத்தப் பரிசோதனைகள் செய்வார்கள். இந்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் சிலருக்கு நோய் இருக்கும். டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

நோய் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் மருந்து ஆரம்பித்தால் மூட்டு கெடாமல் பெருமளவு காப்பாற்றலாம். கோணிய விரலை மருந்தால் நிமிர்த்த முடியாது. கோணாமல் தடுக்கத்தான் முடியும்.

மருந்து விஷயத்தில் மூன்று எச்சரிக்கை

ஒன்று: இந்த நோய்க்கு அதிகம் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. மற்ற மாத்திரை போல தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். நம் குழுக் கூட்டம் நடக்கும் கிழமையாக வைத்துக்கொண்டால் மறக்காது. சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இரண்டு: கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களும் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. கருவுக்குக் கேடு. முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து தருவார்.

மூன்று: பெயர் இல்லாத பொடியும் பொட்டலமும் வேண்டாம். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். உள்ளே நோய் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே பல மாதம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், மீதிப் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழுவில் நாம் செய்யக் கூடியது

அடுத்த மாதக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் கையை நீட்டிப் பாருங்கள். வெட்கப்பட்டு முந்தானைக்குள் மறைக்கும் கை எது என்று ஊக்குநர் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் துணை இல்லாதவருக்கு ஒரு உறுப்பினர் துணை போகலாம். பஸ் செலவுக்குக் குழுவின் உள்கடன் தரலாம். கல்யாணப் பேச்சில் "குடும்ப வியாதி" என்ற வார்த்தை வந்தால், இரட்டைப் பிள்ளைகளின் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

நாங்கள் முதலில் சொன்ன சகோதரியை அவர் குழுவினர்தான் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். முடக்கு வாதம் என்று உறுதியானது. பொடியை டாக்டர் சொன்னபடி நிறுத்தி, வாரம் ஒரு நாள் மாத்திரை தொடங்கினார். நாலு மாதத்தில் வீக்கம் நன்றாகக் குறைந்தது. இரண்டு வருஷம் வீணானதால் வலது கையில் ஒரு விரல் கோணியது கோணியதுதான். ஆனால் போன கூட்டத்தில் ஸ்டாம்ப் பேடு கேட்கவில்லை. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. பெயர் முழுசாக இருந்தது.

மகளின் கல்யாணப் பேச்சு இன்னும் முடியவில்லை. குழுவிலிருந்து மூன்று பேர் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்றிருக்கிறார்கள். இந்த இதழில் ஒரு பிரதி அந்த வீட்டுக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.